பேஸ் கிட்டாரின் கழுத்தில் கோடுகள்

சௌரிராஜனுக்கு ஐம்பத்தாறு வயது. வீடு ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி; வேலை சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில். கச்சேரி வீடியோ என்றால் உயிர். ஆனால் பாடுகிறவர் முகத்தைப் பார்க்க மாட்டார். பின்வரிசையில் நிற்கும் பேஸ் கிட்டாரைத்தான் தேடுவார். அதிலும் மெட்டில்லாத பேஸ். வீணையில் குறுக்கே மெட்டு பதித்திருப்பதைப் போல, சாதாரண கிட்டாரின் கழுத்திலும் உலோகக் கட்டைகள் இருக்கும். அவருக்குப் பிடித்ததில் அது கிடையாது. கழுத்து கறுகறுவென்று வழவழப்பாக ஓடும். ஸ்வரம் படியேறாமல் வழுக்கிக்கொண்டு போகும். கழுத்தில் கோடு தெரிந்தால், மெட்டு இருக்கிறது என்று அந்த நொடியே அடுத்த வீடியோவுக்குத் தாவிவிடுவார். பதினோரு வருஷமாக இதே பழக்கம்.

"ஏன்னா, ஒரு தடவையாவது அந்த மனுஷா மூஞ்சியைப் பாருங்கோளேன்," என்பாள் மனைவி குமுதவல்லி. "கழுத்தையே உத்துப் பார்த்துண்டிருந்தா நன்னாவா இருக்கு?"

கல்லூரிகளுக்கு இடையேயான இசைப் போட்டிக்கு முப்பத்திரண்டு வீடியோக்கள் வந்து சேர்ந்தபோது, பொறுப்பாளர் பிரேமலதா மேடம் அவரிடம்தான் கொடுத்தார். "உங்களுக்குத்தான் இதெல்லாம் பிடிக்குமே சார். ஒரே டேக்ல வாசிச்சிருக்காங்களா, இல்ல சத்தத்தைத் தனியாப் பதிஞ்சு ஒட்டியிருக்காங்களான்னு மட்டும் பார்த்துடுங்க."

பத்தொன்பதாவது வீடியோ. மொட்டைமாடியில் நாலு பெண்கள். பேஸ் வாசிக்கிறவள் பெயர் சுராயா, காட்டூர்க்காரி. கழுத்தில் கோடுகள் வரிசையாகத் தெரிந்தன. ஆனால் சத்தமோ மெட்டில்லாத பேஸின் சத்தம். ஆறு தடவை போட்டுப் பார்த்தார். சந்தேகமே இல்லை. கையில் இருப்பது ஒன்று, காதில் கேட்பது வேறொன்று.

"டூப்பு மேடம்," என்றார். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு இறுதிச் சுற்றின் பட்டியல் வந்தது. ஆறு அணிகள். சுராயாவின் அணி அதில் இல்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு, தோளில் நீளமான பையோடு ஒரு பெண் அலுவலகத்துக்குள் வந்தாள்.

"சௌரிராஜன் சார் யாரு?"

"நான்தாம்மா. என்ன வேணும்?"

"நாங்க டூப்புன்னு சொன்னது நீங்கதானே?"

பக்கத்து மேசையில் ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டிருந்த வீரமலையின் கை அப்படியே நின்றது.

"வீடியோவுல கோடு தெரியறது. சத்தம் மெட்டில்லாத பேஸோடது. ரெண்டும் எப்படிம்மா சேரும்?"

அவள் பையைத் திறந்து, ஃபைல்களைத் தள்ளிவிட்டு, பேஸை மேசைமேல் கிடத்தினாள். அதே கோடுகள்.

"தொட்டுப் பாருங்க சார்."

அவர் கை எழவில்லை.

"இதுக்கு முன்னாடி எப்பவாச்சும் ஒரு பேஸைத் தொட்டிருக்கீங்களா?"

"இல்லை." அது அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

விரலை வைத்தார். தந்திகளுக்கு அடியில் கழுத்தோடு மெல்ல நகர்த்தினார். முதல் கோட்டில் இடறும் என்று எதிர்பார்த்தார். இடறவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது, நான்காவது... விரல் கண்ணாடிமேல் போவதுபோலப் போய்க்கொண்டே இருந்தது.

"சர்ச்ல வாசிக்கிற ஆஸ்டின் அண்ணனோட பழைய பேஸ் இது. மெட்டெல்லாம் தேஞ்சு போச்சு. பிடுங்கிட்டு, அந்த இடுக்குல மரச்சீவல் வச்சு அடைச்சுக் குடுத்தாங்க. அடைச்ச தடம்தான் சார் கோடு."

கோட்டைப் பார்த்ததும் தாவிவிட்ட வீடியோக்களில் இப்படி எத்தனை இருந்தனவோ. 'கமிட்டி முடிவும்மா, இனி ஒண்ணும் பண்ண முடியாது' என்ற வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் வீரமலைகூட நம்பிவிடுவான். ரிட்டயர் ஆக இரண்டே வருஷம். மணி இரண்டு இருபது; நாலு மணிக்குப் போட்டி.

"வாம்மா," என்று எழுந்தார்.

பிரேமலதா மேடம் அரங்கில் ஒயர்களுக்கு நடுவே நின்றிருந்தார். நடந்ததைக் கேட்டதும் முகம் மாறியது. "என்ன சார் இது? பட்டியல் போட்டாச்சு. ஜட்ஜுக்கு ஏழு மணிக்கு ட்ரெயின். இப்ப வந்து..."

"என் தப்புன்னு எழுதி, கையெழுத்துப் போட்டுத் தரேன் மேடம்."

"அது பிரின்சிபால் கைக்குப் போனா உங்களுக்குத்தான் மெமோ வரும்."

"வரட்டும்."

மேடம் அவரையும் அந்தப் பெண்ணையும் மாறிமாறிப் பார்த்தார். "ஏழாவதா, கடைசியா வாசிக்கட்டும். பத்து நிமிஷம். சவுண்ட் செக் கிடையாது."

சௌரிராஜனுக்கு மூச்சு வந்தது. சுராயா நகரவில்லை.

"அது போதாது மேடம். எங்க காலேஜ் வாட்ஸ்அப் குரூப் பூரா ஃபேக் டீம்னு ஓடிட்டிருக்கு. இங்க உக்காரப் போற எல்லாரும் அதைப் படிச்சிருப்பாங்க. சார் மேடையில சொல்லணும்."

"அம்மா, நான் மைக்குல பேசினதே இல்லையே."

"நாங்களும் இதுக்கு முன்னாடி டூப்புன்னு பேர் வாங்கினதில்ல சார்."

ஆறு அணிகள் வாசித்து முடிக்கும்வரை ஓரமாக நின்றார். ஒரு பாட்டுகூடக் காதில் ஏறவில்லை. பெயர் கூப்பிட்டதும் படி ஏறினார். விளக்கு வெளிச்சத்தில் கண் கூசியது. எதிரே ஐந்நூறு பேராவது இருப்பார்கள், பின்னால் விசில்.

"நான் சௌரிராஜன். ஆபீஸ்ல இருக்கேன். இவங்க... இவங்க வாசிச்சது நிஜம். தப்பாப் பார்த்தது நான்."

"சத்தமா அங்கிள்!" என்று யாரோ கத்த, அரங்கமே சிரித்தது.

கழுத்து நரம்பு புடைக்க மறுபடி சொன்னார். "இவங்க வாசிச்சது நிஜம்! தப்பாப் பார்த்தது நான்!"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. சுராயா அவர் பக்கம் திரும்பாமல் கேபிளைச் செருகினாள். ஸ்பீக்கர் ஒரு தடவை கரகரத்தது. முதல் ஸ்வரம் கொஞ்சம் தாழ்ந்து விழுந்தது. அவள் விரலை ஓர் இழை முன்னே நகர்த்தினாள். அடுத்த ஸ்வரம் தன் இடத்தில் வந்து நிற்கும்வரை அவர் மேடைப் படியிலிருந்து இறங்கவில்லை.