பெண்கள் பெட்டியில் சீட்டாடியவர்கள்

ஆம்பூரில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தபோது என் அண்ணன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். குடியாத்தத்திலிருந்து தினமும் ரயிலில் போய் வரலாம், ஆனால் பெண்கள் பெட்டியில்தான் ஏற வேண்டும். சரி என்று தலையாட்டினேன். அந்தப் பெட்டியில் ஆண்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

காலை பாசஞ்சரின் கடைசியில், கார்டு வண்டிக்கு முன்னால், மூன்றாம் வகுப்பில் ஒரு சின்ன அறை. எதிரெதிராக இரண்டு மரப்பெஞ்சு. கதவின் மேல் புடவை கட்டிய ஒரு பெண்ணின் படத்தைப் பெயிண்டில் வரைந்திருப்பார்கள். அந்தப் படத்துக்கு யாரோ கரியால் மீசை போட்டிருந்தார்கள். உள்ளே காட்பாடியில் ஏறிய நான்கு பேர், முழங்கால்களின் மேல் ஒரு துண்டை விரித்துச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு பெரிய ஷாப்பின் ஆபீஸ் குமாஸ்தாக்கள். மற்றப் பெட்டிகளில் தோல் தரகர்களும் சந்தைக்குப் போகிறவர்களும் மூச்சுவிட இடமில்லாமல் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். அதனால் இவர்கள் இந்த அறையைப் பிடித்துக்கொண்டார்கள்.

முதல் நாள் கதவருகில் நின்று, "இது பொம்பளைங்க பெட்டி," என்றேன்.

அவர்களில் மூத்தவர் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போர்டை நாங்களும் படிச்சோம்மா. நீ உக்காரு, யார் வேணான்னாங்க? அந்த மூலை காலியாத்தான கீது."

அந்த மூலையில் அவர்களுடைய சாப்பாட்டு அடுக்குகள் இருந்தன. அவற்றை யாரும் எடுக்கவில்லை. நான் எடுத்துக் கீழே வைத்தேன். "சாப்பாட்டைக் கால்கிட்ட வைக்கிறா பாரு, இதான் படிப்பு," என்றார் ஒருவர். மற்ற மூவரும் சிரித்தார்கள். ஆம்பூர் வரைக்கும் குடையை மடியில் வைத்துக்கொண்டு, பெஞ்சு நுனியில், விழாமல் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர்போல் பேசினார். "தினம் போற ஆளுங்கம்மா. பகைச்சுக்காதீங்க. நீங்களும் தினம் போவணுமில்ல?" என்றார். அதற்குப் பிறகு அவரிடம் நான் போகவில்லை.

என்னோடு குடியாத்தத்தில் இன்னொரு பெண் ஏறுவாள். ஆம்பூரின் தோல் வியாபாரிகள் வீடுகளில் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி, ஐம்பதைத் தாண்டிய முஸ்லிம் அம்மாள். ஆண்கள் இருந்ததால் முகத்திரையைத் தூக்க மாட்டாள். ஆனி வெயிலில் அந்தத் துணிக்குள் அவள் இரைத்து இரைத்து மூச்சு விடுவது எனக்குக் கேட்கும். அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்களேன் என்று நான் கேட்டபோது என் மேலேயே எரிந்து விழுந்தாள். "நீ ஜாஸ்தி பேசறே பேட்டி. உன்னால எனக்கும் பேஜார்." பேட்டி என்றால் உருதுவில் மகள்.

மூன்றாவது பெண் மேல்பட்டியில் ஏறுவாள். அந்தக் குமாஸ்தாக்கள் வேலை பார்த்த அதே ஷாப்பில், தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிப்பவள். இடுப்பில் கூழ்ப்பானையோடு ஏறி, பெஞ்சில் இடமில்லாததால் கதவோரம் தரையில் உட்காருவாள். ஊறிய தோலும் சுண்ணாம்பும் சேர்ந்த வாடை அவள் புடவையிலிருந்து வந்து பெட்டியை நிரப்பும். நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வேன். அதைப் பார்த்துவிட்டால், வேண்டுமென்றே நகர்ந்து என் கால்மாட்டில் வந்து உட்காருவாள்.

"இன்னா டீச்சரம்மா, மூக்க மூடிக்கினா போயிடுமா? உன் ஸ்கூலக் கட்னதே இந்த நாத்தத்துலதான்."

அது உண்மைதான். பள்ளிக்கூடத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் தோல் ஷாப்பு முதலாளிகள். உண்மை என்பதற்காக எனக்கு அவளைப் பிடித்துவிடவில்லை. அவளுக்கும் என்னைப் பிடிக்கவில்லை. மருத்துவச்சிக்கு எங்கள் இரண்டு பேரையுமே பிடிக்கவில்லை. ஆண்கள் நால்வரும் கால்களைப் பரப்பிக்கொண்டு இடத்தை எடுத்துக்கொள்ள, மிச்சமிருந்த இடத்துக்காக நாங்கள் மூவரும் முழங்கையால் இடித்துக்கொண்டோம்.

ஐப்பசி மழையில் ஒரு நாள். ஜன்னல் பலகைகளை எல்லாம் இறக்கிவிட்டிருந்தார்கள். பெட்டிக்குள் ஒரே புழுக்கம். வண்டி மேல்பட்டியில் நின்றதும் பட்டை இடிப்பவள் ஓடி வந்து கதவைத் தள்ளினாள். உள்பக்கமாகத் திறக்கும் கதவு அது. மூக்குக்கண்ணாடிக்காரர் செருப்புக் காலை அதன்மேல் ஊன்றிக்கொண்டார்.

"வேற பொட்டி பாரு. மழையில நனைஞ்சிட்டு வர்ற. இன்னிக்கு அந்த நாத்தம் தாங்காது."

"சாமி, வண்டி எடுக்கப் போறான். கதவத் தெற சாமி!"

விசில் கேட்டது. அவர் காலை எடுக்கவில்லை, சீட்டை இறக்கினார். வண்டி நகர்ந்தது. அவள் படிப்பலகையில் ஏறிவிட்டாள், இறங்கவும் முடியவில்லை. ஒரு கை கம்பியில், ஒரு கை பானையில். கதவின் மேல்பாதிக் கண்ணாடியில் அவள் முகம் நனைந்து தெரிந்தது. "ஐயோ, ஐயோ" என்று கத்தினாள். பானை கீழே விழுந்து உடையும் சத்தம் கேட்டது.

"காலை எடுங்க! செத்துடுவா!" என்று கத்தினேன். "அடுத்த ஸ்டேஷன்ல ஏறிக்குவா, நீ கம்முனு குந்து," என்றார். குடையின் வளைந்த கைப்பிடியால் அவருடைய முழங்கால் எலும்பில் ஓங்கி அடித்தேன். எனக்கு இன்றும் அந்த அடி திருப்தியாகவே இருக்கிறது. அவர் அலறிக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். சீட்டுகள் பெட்டி முழுக்கச் சிதறின. அந்தச் சமயத்தில் மருத்துவச்சி பெஞ்சின் மேல் ஏறி நின்று அபாயச் சங்கிலியைப் பிடித்து, தன் முழு கனத்தோடும் தொங்கினாள்.

வயல்களுக்கு நடுவில் வண்டி நின்றது. படியிலிருந்தவள் ஜல்லியில் சறுக்கி விழுந்து, முட்டியில் ரத்தத்தோடு எழுந்தாள். கார்டு மழைக்கோட்டோடு வந்தார். ஆங்கிலோ-இந்தியர், கோபத்தில் முகம் சிவந்திருந்தது.

"யாரு செயின் இழுத்தது?"

"இந்த பீபி சார்," என்று நால்வரும் ஒரே குரலில் கை நீட்டினார்கள்.

மருத்துவச்சி முகத்திரையைத் தூக்கினாள். அன்றுதான் அவள் முகத்தை நான் பார்த்தேன். வியர்வையில் வெந்துபோன முகம். "நான்தான் இழுத்தேன். இது ஜனானா பொட்டி. இவனுங்க உள்ள, அவ வெளிய தொங்கறா. உங்க வூட்டுப் பொம்பள தொங்கினா இழுக்க மாட்டீங்களா சாப்?"

கார்டுக்கு எங்கள் மேல் இரக்கம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. வண்டி தாமதமானதற்கு அவர் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கீழே நின்றவளின் முட்டியைப் பார்த்தார். பிறகு கதவின் மேலிருந்த படத்தைப் பார்த்தார். "நாலு பேரும் இறங்கு. இப்பவே," என்றார்.

"சார், மழை பெய்யுது சார்..."

"இறங்கு!"

இறங்கினார்கள். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஜல்லியில் தடுமாறி ஓடினார்கள். நான் ஜன்னல் பலகையை ஏற்றிப் பார்த்தேன். பக்கத்துப் பெட்டியில் கதவைத் திறக்கவில்லை. "இடம் இல்ல, முன்னால போ!" என்று உள்ளிருந்து கத்தினார்கள். அதற்கடுத்த பெட்டியிலும் அப்படித்தான். கார்டு பச்சைக் கொடியை ஆட்டிவிட்டார். மூன்று பேர் எப்படியோ படிகளில் தொற்றிக்கொண்டார்கள். மூக்குக்கண்ணாடிக்காரர் நொண்டிக்கொண்டு ஓடி, கடைசியில் நின்றுவிட்டார். எங்கள் பெட்டி அவரைக் கடந்து போனபோது உள்ளே ஏறிவிட்ட பட்டை இடிப்பவள் கதவருகில் நின்று, வெளியே துப்பினாள்.

அதோடு முடியவில்லை. மறுநாளே தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். "ரயில்ல ஆம்பிளைங்களோட அடிதடியாமே? ஷாப்பு முதலாளி வீட்டிலிருந்து ஆள் வந்தது. போய் வருத்தம் தெரிவிச்சுட்டு வாங்க."

"என் மணிக்கட்டைப் பார்த்துட்டுச் சொல்லுங்க," என்று வீங்கிய கையை மேசைமேல் வைத்தேன். அதைப் பார்த்தார். அப்புறமும் போகச் சொன்னார். நான் போகவில்லை. அடுத்த வருஷ வேலை எனக்கு இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. அண்ணனிடம் சொல்லவில்லை.

பட்டை இடிப்பவளை ஷாப்பு வாசலிலேயே தடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச நாள் கழித்து, ஆம்பூரைத் தாண்டி அடுத்த ஸ்டேஷனில் ஆற்றோரத்திலிருந்த வேறொரு ஷாப்பில் வேலை கிடைத்து மறுபடி வண்டி ஏறினாள். நலம் விசாரிக்க வாயெடுத்தேன்.

"பேசாத," என்றாள். "கார்டு கேட்டப்ப பீபிம்மா பேசுச்சு, சரி. நீ எதுக்கு அவன் கால்ல அடிச்ச? அடிச்சது நீ, வேலை போனது எனக்கு. இந்த ஷாப்புல கூலி கம்மி."

"அடிக்கலைன்னா நீ சக்கரத்துல போயிருப்ப."

"போவல இல்ல? பீபிம்மாதான வண்டிய நிறுத்திச்சு."

மருத்துவச்சி எங்கள் இருவரையும் பார்த்து, "ரெண்டு பேரும் வாய மூடுங்க. காத்து வர்ற நேரத்துல சண்டை," என்றாள். ஆண்கள் இல்லாததால் முகத்திரையைத் தலைக்கு மேல் தள்ளிவிட்டு, ஜன்னலோரமாகச் சாய்ந்துகொண்டாள்.

குமாஸ்தாக்கள் அதன்பிறகு அந்தப் பெட்டிக்கு வரவில்லை. நடைமேடையில் என்னைப் பார்த்தால் நால்வரும் ஒருசேர இருமுவார்கள், நான் பார்க்காததுபோல் நடப்பேன். பள்ளி ஆண்டு முடியும்வரை நாங்கள் மூவரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து போனோம். அவள் இப்போது பெஞ்சில், எனக்கு நேரெதிரே உட்காருவாள். நான் மூக்கை மூடுவதை விடவில்லை. அவள் என்னை முறைப்பதை விடவில்லை. கடைசி நாள் ஆம்பூரில் இறங்கும்போது, இனி வரமாட்டேன் என்று மருத்துவச்சியிடம் மட்டும் சொன்னேன். அவள் பதில் சொல்வதற்குள், மற்றவள் தன் பானையைத் தூக்கி நான் எழுந்த இடத்தில் வைத்துவிட்டாள்.