அனுபல்லவி என்றால் அரை பிளேட்

என் கணவர் ஓர் இசைப்பிரியர் என்பது எனக்குத் தெரியவந்தது, கல்யாணமாகிப் பதினேழு வருடம் கழித்து, ஒரு ஃப்ளெக்ஸ் போர்டைப் படித்துத்தான்.

திண்டுக்கல்லில் இருக்கும் எங்கள் முதல் ஓட்டலின் சுவரில் அது ஆளுயரத்துக்கு நிற்கிறது. ஓட்டலின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இதையும் விளம்பரக் கணக்கில் சேர்த்துக்கொள்வார். போர்டில் அவர் ஒரு கிடாரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். கிடார் ஸ்டுடியோக்காரருடையது. பிடித்திருக்கும் விதத்தைப் பார்த்தால் சந்தையில் வாங்கிய கோழி கைநழுவி ஓடிவிடுமோ என்று பயப்படுகிறவர் மாதிரி இருக்கும். கீழே ‘எங்கள் வரலாறு’. மூன்று தலைமுறை இசைப் பாரம்பரியம், சிறு வயதிலேயே நெஞ்சில் ஊறிய கனவு, நாவும் காதும் சேர்ந்து விருந்துண்ணும் இடம், இன்னும் என்னென்னவோ.

முதல் தலைமுறை யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டாவது தலைமுறையான என் மாமனார் பூட்டுப் பட்டறையில் அரம் பிடித்தவர். தெருவில் கொட்டுச் சத்தம் கேட்டால், “பட்டறையில கேக்குறது பத்தாதா?” என்று ஜன்னலைச் சாத்துவார். மூன்றாவது தலைமுறை மைக் செட்டை வாடகைக்கு விட்டது. பாரம்பரியம் அவ்வளவுதான்.

மைக் செட் தொழிலைக் குறை சொல்ல மாட்டேன். கல்யாணம், காதுகுத்து, திருவிழா, கட்சிக் கூட்டம், இழவு வீடு என்று எங்கே நாலு பேர் கூடினாலும் அங்கே என் கணவர் ஸ்பீக்கர் பெட்டிகளோடு நிற்பார். பாட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்தது இரண்டு: பாஸ், ட்ரெபிள். பாடுகிறவர் யார், என்ன ராகம் என்பதெல்லாம் அவருக்கு வேண்டாத வேலை. கடைசி வரிசைவரைக்கும் கேட்கிறதா என்பதுதான் அவர் கவலை.

ஊரடங்கு வந்ததும் அந்த நாலு பேர் கூடுவதும் நின்றுபோனது. வாடகைக்குப் போன பெட்டியெல்லாம் கடைக்குத் திரும்பி, கூரைவரை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தது. அதே சமயம் எங்கள் ஊர்ப் பேகம்பூரில் இன்னொருவரும் சும்மா உட்கார்ந்திருந்தார். கல்யாண வீடுகளில் தேக்சா தேக்சாவாகப் பிரியாணி ஆக்கும் மாஸ்டர் அவர். என் கணவர் மைக் கட்டிய பாதிக் கல்யாணங்களில் அவர்தான் சமையல். எனக்கு அவர் அண்ணன், அவருக்கு நான் தங்கச்சி. அந்தக் கணக்கில் என் கணவர் அவருக்கு மாப்பிள்ளை.

ஒரு நாள் காலையில் வந்து, “தங்கச்சி, நா பிரியாணி ஆக்குறேன். நீ கொழம்பும் வெஞ்சனமும் பாத்துக்க. மைக் செட் கடை வாசல்ல பொட்டலம் போட்டு விப்போம். இப்பிடியே உக்காந்திருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிரும்” என்றார்.

எனக்கும் அதே பயம்தான் இருந்தது. பெட்டிகளை ஓரங்கட்டி அடுப்பு வைத்தோம். சின்னாளப்பட்டியில் நான் பிறந்த வீட்டில் தறியில் உட்காருகிற பத்துப் பேருக்கும் சேர்த்துக் குழம்பு வைத்துப் பழகிய கை என்னுடையது. மாஸ்டர் சீரக சம்பாவைத் தம்மில் போட்டார். என் கணவருக்கு நாங்கள் கொடுத்த வேலை, குறுக்கே வராமல் இருப்பது. மூன்று நாள் அதைத் திறம்படச் செய்தார்.

நாலாம் நாள் கடை நெற்றியில் ஒரு கூம்புக் குழாயைக் கட்டிவிட்டார். “அன்பார்ந்த பொதுமக்களே! தாய்மார்களே! சூடான சுவையான சீரக சம்பா பிரியாணி!” என்று தேர்தல் கூட்டத்துக் குரலில் முழங்கினார். தெருவே வெறிச்சோடிக் கிடந்ததால் அது மலைக்கோட்டையில் பட்டுத் திரும்பி வந்திருக்கும். அடுத்த பத்தாவது நிமிடம் ஏட்டு ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார்.

“யோவ், ஊரே அடங்கிக் கெடக்கு, நீ என்னய்யா பொதுக்கூட்டம் நடத்துற? கழட்டுய்யா அத.”

“சார், அப்ப கடைக்குள்ள வச்சுக்கிறட்டுமா?”

“உள்ள என்ன எழவையும் வச்சுக்க. ரோட்டுக்குக் கேக்கக் கூடாது.”

அன்றே குழாயைக் கழற்றிவிட்டுக் கடைக்குள் பாட்டுப் போட்டார். கலைஞர்கள் தொடங்கிய இசை நிறுவனங்கள் எத்தனையோ இருக்கும். எங்களுடையதைத் தொடங்கிவைத்தவர் ஓர் ஏட்டு. போகும்போது ஒரு பொட்டலமும் வாங்கிக்கொண்டு போனார். ஃப்ளெக்ஸ் போர்டில் அவருக்கு இடமில்லை. மாஸ்டருக்கும் இல்லை, எனக்கும் இல்லை என்பதால் அவர் வருத்தப்பட வேண்டியதில்லை.

ஊரடங்கு தளர்ந்ததும் மேசை நாற்காலி போட்டோம். பெட்டிகளை வைக்க வேறு இடமில்லாததால் அவற்றையே சுவரோரம் அடுக்கினோம். எங்கள் உள்ளலங்காரத்தின் ரகசியம் அதுதான். சாப்பிட வந்த கல்லூரிப் பிள்ளைகள் பெட்டிகளின் முன்னால் நின்று செல்ஃபி எடுத்தார்கள். அதில் ஒருத்தி ஏதோ சொல்லிவிட்டுப் போக, இவர் முகம் மலர அடுப்படிக்கு வந்தார்.

“இந்தா, நம்மளோடது தீம் ஓட்டலாம்ல.”

“அப்பிடின்னா?”

“தெரியல. ஆனா இனிமே அப்பிடித்தான்.”

மறுவாரமே மெனு கார்டு அச்சடித்து வந்துவிட்டது. முழுப் பிரியாணிக்குப் பல்லவி என்று பெயர். அரை பிளேட் அனுபல்லவி. சாப்பாடு சரணம். சுக்கா தாளம். சூப்புக்கு சுருதி என்று வைத்திருந்தார். ரசத்துக்கு என்ன வைப்பது என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு ரசம் என்றே விட்டுவிட்டார். “அனுபல்லவின்னா அரை பிளேட்டுன்னு யாருங்க உங்களுக்குச் சொன்னா?” என்று கேட்டேன். “பல்லவிய விடச் சின்னதாத்தான இருக்கும்?” என்றார். இத்தனை தெளிவோடு பேசுகிறவரிடம் எதிர்த்துப் பேச முடியாது.

பரிமாறுகிறவர்கள் அதையும் சுருக்கினார்கள். “மூணாம் டேபிளுக்கு ரெண்டு அனு, ஒரு பல்லவி!” என்று கத்துவார்கள். ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவர் போனில், “எனக்கு அனுவே போதும், பல்லவியெல்லாம் என்னால தாங்காது” என்று நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். பக்கத்து அறையில் அவர் மனைவி. மறுநாள் அந்த அம்மா நேரில் வந்து மெனு கார்டைப் படித்துப் பார்த்த பிறகுதான் அவரைத் திரும்ப வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டார்.

பிரியாணி நன்றாக இருந்ததால் கூட்டம் வந்தது. இசைக்காகத்தான் வருகிறார்கள் என்று என் கணவர் நம்பினார். அந்த நம்பிக்கையில் ஒட்டன்சத்திரத்தில் இரண்டாவது கிளை திறந்தார். அங்கே வருகிறவர்கள் காய்கறி மார்க்கெட் வியாபாரிகள். ஒரு கை சோற்றிலும் ஒரு கை போனிலுமாக இருப்பார்கள்.

“ஏனுங்க, அந்தப் பாட்டக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க. தக்காளி என்ன வெலைன்னு சொல்றாங்க, ஒண்ணும் கேக்கலீங்க” என்றார் ஒருவர்.

“கம்மியாத்தானுங்க இருக்கு” என்றார் இவர், சிரித்த முகத்தோடு. மேசையில் தண்ணீர் டம்ளர் அதிர்ந்துகொண்டிருந்தது.

மூன்றாவது கிளை நிலக்கோட்டையில். திறப்பு விழாவுக்கு நாதஸ்வர வித்துவான் ஒருவரைத் தவில்காரரோடு அழைத்து வந்திருந்தார். நல்ல யோசனைதான். அந்தச் சின்ன ஹாலில் அவர் ஊதியபோது மல்லிகைச் சரமெல்லாம் சிலிர்த்த மாதிரி இருந்தது. என் கணவர் விடுவாரா? நடுவில் போய் இரண்டு மைக்கைக் கொண்டுவந்து வைத்தார்.

“தம்பி, இது மைக் கேக்குற வாத்தியம் இல்லப்பா” என்றார் வித்துவான்.

“பின்னாடி உக்காந்திருக்கவுகளுக்குக் கேக்கணும்ல ஐயா?”

பின்னாடி உட்கார்ந்திருந்தவர் பத்தடி தூரத்தில் இருந்தார். அடுத்த கால் மணி நேரத்தில் வந்தவர்கள் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு, “பார்சல், பார்சல்” என்று சைகை காட்டினார்கள். முதல் நாளே பார்சல் விற்பனையில் சாதனை என்று இவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார்.

சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி வீடியோ போடுகிற பையன் ஒருவன் அதைக் கேள்விப்பட்டுத் திண்டுக்கல் கடைக்கு வந்தான். இவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு பெட்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்தார். கனவு, பாரம்பரியம் எல்லாம் சொல்லி முடித்தார். அடுப்படி வாசலில் நான் கரண்டியோடு நிற்பதைப் பார்த்த அந்தப் பையனுக்கு என்ன தோன்றியதோ, “உங்க வளர்ச்சியில வீட்டம்மாவோட பங்கு என்ன சார்?” என்று கேட்டான்.

அவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

“பன்னு நம்மகிட்டக் கெடையாதுங்க. பரோட்டா மட்டுந்தான்.”

வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. சின்னாளப்பட்டியிலிருந்து என் தம்பி போன் பண்ணி, “என்னக்கா, பன்னு சௌக்கியமா?” என்று கேட்டான். கடைக்கு வந்தவர்கள் என்னைப் பார்த்து வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். வேண்டுமென்றே என்னைக் கேலி செய்திருக்கிறார் என்று நினைத்து மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. பன்னைவிட எனக்கு அதுதான் ஆத்திரம்.

நாலாம் நாள் வெங்காயம் நறுக்கும்போது மாஸ்டரிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

“தங்கச்சி, மாப்ளைக்கிக் காது கேக்கல.”

“என்னண்ணே சொல்றீங்க?”

“நா ஒரு வருசமா கையக் காட்டித்தான பேசிக்கிட்டிருக்கேன். நீ பாக்கலையா? முகத்துக்கு நேரா நின்னு சொன்னாப் புரியும். முதுகுக்குப் பின்னால சொன்னா சுத்தமாக் கேக்காது. ஒனக்குத் தெரியும்னுல நெனச்சேன்.”

எனக்குத் தெரிந்திருக்கவில்லை. எதுவாக இருந்தாலும் வார்த்தையால் ஒரு போடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறவளுக்கு, அது போய்ச் சேர்ந்ததா என்று திரும்பிப் பார்க்கிற பழக்கம் இருக்காது.

காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பரீட்சையில் விடையை யோசிக்கிறவர் மாதிரி கண்ணை மூடி, கவனமாக, பெரும்பாலும் அமுக்காமலே உட்கார்ந்திருந்தார்.

“எத்தனை வருஷமா ஸ்பீக்கர் பக்கத்துல நிக்கிறார்?” என்று கேட்ட டாக்டர், சோதனையில் வந்த கோட்டுப் படத்தை எனக்கு விளக்கினார். தடித்த சத்தம் கேட்கும், கீச்சென்ற மெல்லிய சத்தம் கேட்காது. பேச்சு காதில் விழும், வார்த்தை பிரிந்து புரியாது.

“டாக்டர், இது கல்யாணமான ஆம்பளைங்க எல்லாருக்கும் இருக்குமா?” என்றேன், பழக்க தோஷத்தில்.

டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். என் கணவர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தாமதமாக, அவரும் சிரித்தார். நான் சொன்னது அவருக்குக் கேட்டிருக்கவில்லை. நாங்கள் சிரித்ததால் சிரித்தார். இத்தனை நாள் கல்லாவில் உட்கார்ந்து எல்லோரிடமும் சிரித்தது இந்தச் சிரிப்புதான் என்று அப்போது புரிந்தது.

டவுன் பஸ்ஸில் திரும்பும்போது அவரே பேசினார். “எனக்குத் தெரியும். குக்கர் விசில் கேக்குறதில்ல. நீ எந்திரிச்சு ஓடுறத வச்சுத்தான் விசில் வந்துருச்சுன்னு கண்டுபிடிப்பேன்.”

“ஏங்க எங்கிட்டச் சொல்லல?”

“பாட்டு ஓட்டல் நடத்துறவனுக்குக் காது கேக்காதுன்னு சொல்லிக்கிட்டுத் திரியவா?”

ரகசியமாகச் சொல்வதாக நினைத்து அதை அவர் உரக்கச் சொன்னதில், முன் சீட்டிலிருந்து கண்டக்டர்வரை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

காதில் மாட்டும் மெஷின் வந்தும் ஒரு வாரம் டப்பாவிலேயே கிடந்தது. கௌரவம் தடுத்தது. மாஸ்டர்தான் வாயைத் திறந்து காட்டினார். “மாப்ள, இதுல பாதி கட்டுன பல்லு. நா கறி மெல்லலையா? மாட்டுங்க.”

மதியக் கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில் மாட்டிக்கொண்டு ஹாலுக்குள் நடந்தார். இரண்டடி வைத்தவர் அப்படியே நின்றார். யாரோ அடித்த மாதிரி முகம் சுருங்கியது. நேராக ஆம்ப்ளிஃபையரிடம் போய் வால்யூம் திருகைத் திருப்பினார். இன்னும் திருப்பினார். பாட்டு இருப்பதே தெரியாத அளவுக்கு இறங்கியது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அந்த ஹாலில் மனிதர்கள் பேசுவது எனக்கே அன்றுதான் முதன்முதலாகக் கேட்டது.

“இம்புட்டு சத்தமாவா வச்சிருந்தேன்?” என்று என்னிடம் வந்தார். “ஒருத்தரும் சொல்லலையே?”

மூன்று ஊர் சொன்னது. ஏட்டு சொன்னார், வித்துவான் சொன்னார், தக்காளி வியாபாரி சொன்னார். என் வாய் வரை வந்தது. “இப்பச் சரியா இருக்குங்க” என்று மட்டும் சொன்னேன்.

இப்போது மூன்று கிளையிலும் பாட்டு பக்கத்து வீட்டில் பாடுகிற மாதிரி மெதுவாக ஓடுகிறது. கல்லூரிப் பிள்ளைகளில் சிலர் வருவதை நிறுத்திவிட்டார்கள். குடும்பத்தோடு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். உட்கார்ந்து பேசி, இன்னொரு தாளம் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். என் கணவர் ஒவ்வொரு மேசையாகப் போய் நின்று, சொல்வதை முழுசாகக் கேட்டுவிட்டு வருகிறார்.

எல்லாம் நல்லதுதான். எனக்கு மட்டும் ஒரு நஷ்டம். போன வாரம் சட்டியைத் தேய்த்துக்கொண்டே, “பெரிய இசைமேதை, தின்ன தட்டக்கூட எடுத்து வைக்கத் தெரியாது” என்று வாய்க்குள் முணுமுணுத்தேன்.

“இந்தா வர்றேன், எடுத்து வைக்கிறேன்” என்று கல்லாவிலிருந்து பதில் வந்தது.