மூன்றாம் வகுப்பில் முதல்

என் மகள் வகுப்பில் முதல். இதை நான் சிங்கப்பூரில், சிராங்கூனில் வேலை செய்யும் வீட்டு மேடத்திடம் சொன்னேன். எதிர் வீட்டுப் பணிப்பெண்ணிடம் சொன்னேன். லிட்டில் இந்தியாவில் பூக்கடைக்காரரிடம்கூடச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

மேடத்தின் மகள் பிரைமரி டூ, நம் ஊர் இரண்டாம் வகுப்பு. தினமும் தமிழ்க் கதைப் புத்தகத்தை என்னிடம் வாசித்துக் காட்டினால்தான் அவளுக்கு டிவி. "ஆண்ட்டி, ஒரு பேஜ் போதும் லா," என்று முகத்தைச் சுளிப்பாள். சுளித்துக்கொண்டே வாசித்துவிடுவாள்.

ஒரு ஞாயிறு, என் விடுமுறை நாளில், அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு லிட்டில் இந்தியா போனேன். புல்தரையில் உட்கார்ந்து ஊருக்கு வீடியோவில் கூப்பிட்டேன். மகள் அங்கே அரசுத் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு. பக்கத்தைக் கேமரா முன் பிடித்து வாசி என்றேன். கடகடவென்று சொன்னாள். முயல் கிணற்றில் விழுந்ததாம். அந்தப் பக்கத்தில் கிணறே இல்லை. முயல் படம் மட்டும் இருந்தது.

"நான் விரல் வச்ச எழுத்த மட்டும் சொல்லுடி."

எந்த எழுத்தில் விரல் வைத்தாலும் 'முயல்' என்றாள். அவளை வளர்க்கும் என் தங்கை போனை வாங்கினாள்.

"அங்க அஞ்சு கிளாஸுக்கும் ஒரே டீச்சர்தான்க்கா. அவங்களும் மீட்டிங்னு போயிட்டா, சமையல்காரம்மாதான் புள்ளைங்கள உக்கார வச்சிருக்கும்."

"அப்புறம் எப்படிடி ஃபர்ஸ்ட் வர்றா?"

"மூணாங்கிளாஸ்ல அவ ஒருத்திதான். மத்த புள்ளைங்கெல்லாம் வேன்ல டவுன் ஸ்கூலுக்குப் போகுது. நீ கேக்கவே இல்லியேக்கா."

கேட்கவில்லைதான். வேனில் ஏற்றிவிடவும் ஆளில்லை. தங்கை விடிவதற்கு முன்பே மில்லுக்குப் போய்விடுவாள். ஐந்து வகுப்புக்கு ஒரு ஆளைப் போட்டவர்களை பஸ் வரும்வரை மனதுக்குள் திட்டினேன். பிறகு அதுவும் நின்றுபோனது. வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவினேன்.

இப்போது ஞாயிறுதோறும் அதே புல்தரை. அட்டையில் பெரிதாக எழுதிக் கேமரா முன் பிடிக்கிறேன். சுற்றி இருப்பவர்கள் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். வாரத்துக்கு ஒரு மணி நேரம், அதுதான் அவளுக்குப் பள்ளிக்கூடம். போன வாரம் 'மரம்' வாசித்தாள். 'மாடு' வரவில்லை.

"அம்மா, இந்த கிளாஸ்ல வேற யாரு இருக்கா?"

"நீ மட்டுந்தான்."

"அப்ப இதுலயும் நாந்தான் ஃபர்ஸ்ட்."

அடுத்த அட்டையை எடுத்தேன்.