பென்சிலில் எழுதிய நாலு எழுத்து

போன சனிக்கிழமை ஒரு இரும்புக் கம்பியைப் பிடுங்கப் பார்த்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். இந்தப் பத்தியை நின்றுகொண்டுதான் டைப் செய்கிறேன்.

காரணம் ராஜி அக்கா. எங்கள் அபார்ட்மென்ட்டில் இரண்டாவது மாடி, யாழ்ப்பாணத்துக்காரர். டவுன்டவுனில் ஒரு ரெஸ்டாரன்ட் சமையலறையில் முப்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர். முழங்கால் வலி என்று போனதற்கு டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார். அக்கா நேராகப் போய் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கிவிட்டார்!

"சும்மா நடந்தா எனக்கு விசர் பிடிக்கும் தம்பி. இதெண்டால் எதையோ தேடுறன் எண்டு கால் தன்ர பாட்டில நடக்கும்" என்றார்.



சனிக்கிழமை காலை என்னையும் இழுத்துக்கொண்டு, ஊர்க்கோடியில் இருக்கும் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்குப் போனார். அங்கே ஒரு பழைய கல் வீடு. ஐந்து தலைமுறையாக ஒரே குடும்பம். இப்போது இருப்பது மதாம் ஜினெட் மட்டும் — எண்பது தாண்டியவர், அக்காவுடன் வேலை பார்த்த ஒரு பெண்ணின் அம்மா. தோட்டத்தில் தேடிக்கொள்ள அனுமதி கொடுத்திருந்தார். "எது கிடைச்சாலும் மதாமுக்குத்தான். முதலே சொல்லிப்போட்டன், பேந்து பங்கு கதைக்கக் கூடாது" என்று காரிலேயே அக்கா எனக்குச் சட்டம் போட்டுவிட்டார்.

மதாம் வாசலிலேயே பிரெஞ்சில் படபடவென்று ஏதோ சொன்னார். முகம் வாடியிருந்தது. நான் இந்த ஊருக்கு வந்து பதினோரு வருஷம். ஆபீஸ் முழுக்க ஆங்கிலம் என்பதால் என் பிரெஞ்சு 'போன்ஜூர்', 'மெர்சி'யோடு சரி. அக்காதான் மொழிபெயர்த்தார்.

"பக்கத்துக் காணியைப் புதுசா ஒருத்தன் வாங்கியிருக்கிறானாம். அந்தா நிக்கிற ஆப்பிள் மரம் தன்ர பக்கமாம், தறிச்சுப்போட்டு கராஜ் கட்டப்போறானாம். எல்லை எங்கயெண்டு மதாமுக்கும் வடிவாத் தெரியாதாம். வியாழக்கிழமை காணி அளக்கிறவர் வாறாராம்."

மரத்தைப் பார்த்தேன். கோணலாக, ஆனால் உடம்பெல்லாம் பூ. அதன் காய் புளிக்குமாம், ஜெல்லிக்குத்தான் ஆகுமாம். மதாம் அந்த ஜெல்லியைத் தெருவுக்கே கொடுப்பாராம்.

"எங்கட ஊரில வேலிக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டதுக்கே கோட்டு, வழக்கெண்டு போனவை இருக்கினம். இங்கயும் அதே கதைதான்" என்றார் அக்கா.

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த அரைமணி நேரத்தில் நான் மரத்தை மறந்துபோனேன்.

ஏன் என்றால், வாசற்படிக்குப் பக்கத்தில் மெஷின் 'கிய்ங்' என்றது. அக்கா தோண்டினார். பச்சைப் பாசி பிடித்த மாதிரி ஒரு பெரிய செப்புக்காசு! துடைத்தால் ஒரு ராணியின் தலை. பக்கத்திலேயே இன்னொன்று. பிறகு நகம் அளவில் ஒரு சின்ன வெள்ளிக்காசு. யார் பையிலிருந்து விழுந்தது? பால் வாங்கப் போன காசா, சர்ச்சில் போட வைத்திருந்த காசா? தேடித் தேடி அலுத்துப்போய் விட்டிருப்பார்களோ? எனக்கு உள்ளங்கை குறுகுறுக்க ஆரம்பித்துவிட்டது.

காசுகளை வாங்கிப் பார்த்த மதாம் உள்ளே போய் ஒரு பழைய தாளைக் கொண்டுவந்தார். அவர் அப்பா கையால் வரைந்த தோட்டத்தின் படம். கிணறு, லாயம், கொட்டகை எல்லாம் எங்கே இருந்தன என்று அதில் இருக்கும், தேட உதவும் என்றாராம். பென்சில் மங்கிவிட்டது. மதாமுக்குக் கண் சரியில்லை, அக்கா கண்ணாடியைக் காரிலேயே வைத்துவிட்டார். படம் என் கைக்கு வந்தது.

ஆப்பிள் மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன சிலுவைக் குறி. அதன் கீழே பொடி எழுத்தில் — சி, ஓ, ஐ, என்.

காயின்!

யாராவது தோட்டத்தில் காசைப் புதைத்துவிட்டு அதைப் படத்தில் குறித்து வைப்பார்களா என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்... அக்காவிடம்கூட வாயைத் திறக்கவில்லை. மதாமும் அக்காவும் காபி குடிக்கப் போன நேரம் பார்த்து, மெஷினைத் தூக்கிக்கொண்டு மரத்துக்கு அப்பால் போய்விட்டேன்.

மெஷின் அலறியது. தோண்டினேன். காசு இல்லை. கட்டைவிரல் கனத்தில் ஒரு இரும்புக் கம்பி, செங்குத்தாக மண்ணுக்குள் இறங்கியிருந்தது. பெட்டி அதற்குக் கீழேதான் இருக்கும், வேறென்ன? இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. காலை ஊன்றி மறுபடி இழுத்தேன். இடுப்பில் ஏதோ 'களுக்' என்றது.

"என்ன தம்பி புடுங்குறீர்?"

பின்னால் அக்கா, அவருக்குப் பின்னால் காபிக் கோப்பையோடு மதாம். அசடு வழியப் படத்தைக் காட்டி, "காயின்னு எழுதியிருக்குக்கா" என்றேன்.

மதாமுக்கு நான் சொன்னது விளங்கவில்லை. எழுத்தெழுத்தாகச் சொல்லிக் காட்டினேன். அவர் முகம் மாறியது. அதே நாலு எழுத்தைப் பிரெஞ்சில் படிக்கிற மாதிரி மெதுவாக, "குவான்" என்றார்.

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ, குவான்! முப்பது வருஷம் குசினியில கத்தின சொல்லு. சுடுசட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பேக்க குவான் எண்டு கத்தாட்டி எதிர வாறவன் அவிஞ்சுபோவான். பிரெஞ்சில மூலை தம்பி, மூலை. காணி மூலை. நீர் எல்லை முளையையெல்லோ புடுங்குறீர்."

கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன்.

மதாம் மண்ணில் முழங்காலிட்டு அந்தக் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு திரும்பி மரத்தைப் பார்த்தார். முளை அப்பால், மரம் இப்பால். கோப்பையைப் புல்லில் வைத்துவிட்டு அழுதார். எனக்குப் பாதி நிம்மதி, பாதி பயம். இன்னும் நாலு இழுப்பு இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அந்தச் சொல்லை அக்கா முப்பது வருஷம் காதால் கேட்டவர், எழுத்தில் பார்த்ததே இல்லை. நான் எழுத்தில் பார்த்ததும் தெரியும் என்று நினைத்தவன், காதில் வாங்கியதே இல்லை. படித்துவிட்டோம் என்ற தைரியத்தில் இன்னும் எங்கெங்கே என்னத்தையெல்லாம் பிடுங்கிக்கொண்டிருக்கிறேனோ!

வியாழக்கிழமை சாயங்காலம் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆறு மணிக்கு அக்கா போன் செய்தார்.

"அளந்தாச்சு. முளை ஒரு நூலும் அரக்கேல்லையாம், வைச்ச இடத்திலதான் நிக்குதாம். மரம் மதாமின்ரதான்."

அந்தக் காலத்திலேயே முளையை நாலடி ஆழத்துக்கு அடித்திருக்கிறார்களாம். என்னை மாதிரி படித்தவன் ஒருவன் என்றைக்காவது வருவான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.