போர்டிங் அடுப்பின் நீலத் தீ

எங்கள் சபையில் எந்தக் காரியம் என்றாலும் முதலில் ஜெபம், அப்புறம் கமிட்டி, அதற்கும் அப்புறம்தான் சண்டை. சாண எரிவாயுக் குழி மட்டும் நேராகச் சண்டையில் ஆரம்பித்தது. ஆரம்பித்து வைத்தவள் நான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பரளச்சிப் பக்கத்து ஊர் ஒன்றில் சபைப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராகப் போனேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், வேதக்கோயில் காம்பவுண்டுக்குள்ளேயே, சபை நடத்திய சின்ன போர்டிங் ஒன்று இருந்தது. கரிமூட்டம் போடவும் களை வெட்டவும் ஊர் ஊராகப் போகிற ஜனங்களின் பிள்ளைகள் நாற்பது பேர் அதில் தங்கிப் படித்தார்கள். அத்தனை பேருக்கும் பொங்கிப் போட்டது ஓர் அக்கா. புருஷன் இறந்த பிறகு வேலைக்கு வந்தவர். சமையல்கட்டை ஒட்டிய அறைதான் அவருக்கு வீடு. சொந்தம் என்று சொல்லிக்கொண்டு போய் நிற்க வேறு வாசல் கிடையாது.

எங்கள் மண்ணில் விறகுக்குப் பஞ்சமே இல்லை. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் சீமைக்கருவேலம் தளதளவென்று நிற்கும். ஆனால் ஐப்பசி கார்த்திகையில் அந்த விறகு நனைந்துவிட்டால் எரியாது, புகையும். சமையல்கட்டுக்குள் நுழைந்தால் அக்காவின் இருமலைக் கேட்டுத்தான் அவர் எந்த மூலையில் நிற்கிறார் என்று கண்டுபிடிக்க வேண்டும். கண் இரண்டும் எப்போதும் சிவந்து வழியும். அருப்புக்கோட்டையில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் சோதித்துப் பார்த்துவிட்டு, புகையை விட்டு விலகாவிட்டால் இருக்கிற பார்வையும் போய்விடும் என்று என்னிடம் சொன்னார்.

சபைக் கமிட்டி உடனே கூடியது. கமிட்டிக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை, சோம்பேறிகள். வேறு சமையலாள் பார்ப்பது என்று அஞ்சு நிமிஷத்தில் முடிவு செய்துவிட்டு எழுந்தார்கள். அந்த அக்கா எங்கே போவார் என்று கேட்டேன். ஆண்டவர் வழி காட்டுவார் என்றார் சபைக்குப் பெரியவரான மூப்பர். எனக்கு வந்த கோபத்தில் போதகர் உட்கார்ந்திருக்கிறார் என்பதுகூட மறந்துவிட்டது.

"அடுப்ப மாத்துங்க, ஆள மாத்தாதீங்க!" என்று சத்தம் போட்டேன்.

எந்த அடுப்பு என்று அவர்கள் கேட்கும்போது கையில் பதில் இருந்ததால்தான் அந்தத் தைரியம். என்னோடு டீச்சர் டிரெயினிங் படித்தவளுடைய அப்பா, வீரசோழன் ஊரில் எல்லாரும் பாய் என்று கூப்பிடுகிற வியாபாரி, தன் வீட்டுக் கொல்லையில் சாண எரிவாயுக் குழி போட்டிருந்தார். சாணியையும் தண்ணீரையும் சரிக்குச் சரி கரைத்துக் குழிக்குள் விட்டால், உள்ளே புளித்து வாயு கிளம்பும். குழியின் மேல் கவிழ்த்திருக்கிற இரும்பு டிரம் வாயு சேரச் சேர மேலே ஏறும். அங்கிருந்து குழாய் வழியாக அடுப்புக்கு வரும். அந்த வீட்டில் புகை இல்லாமல் ஆட்டுக்கறி கொதித்ததை நான் கண்ணால் பார்த்து, வயிறாரச் சாப்பிட்டும் வந்தவள்.

"கோயில் காம்பவுண்டுக்குள்ள சாணியா?" என்றார் மூப்பர்.

"மாட்டுத் தொழுவத்துல பெறந்தவரத்தான கும்பிடுறோம்" என்றேன். போதகர் கையால் வாயை மறைத்துக்கொண்டார். சிரித்தாரோ, கொட்டாவி விட்டாரோ, எனக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டேன்.

சாணிக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. மானாவாரி நிலத்தில் சாணிதான் உரம், எவரும் சும்மா தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். அதற்கும் எங்கள் சபைக்குள்ளேயே வழி இருந்தது. எங்கள் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிச் சட்டியில் போட்டுவைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அது காணிக்கையாகக் கோயிலுக்கு வரும். பஞ்ச காலத்திலும் அது நின்றதில்லை. அரிசி கொடுக்கிற கை சாணி கொடுக்காதா? பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பேசினேன். மாடு வைத்திருக்கிற வீடுகள் முறை வைத்துத் தினம் ஒரு கூடை கொண்டுவந்து போட வேண்டும். வாயு போக மிஞ்சி வெளியே வருகிற கரைசலை அவரவர் நிலத்துக்கு எடுத்துக்கொள்ளலாம், சாணியைவிட அதுதான் நல்ல உரம். கூடைக் காணிக்கை என்று பேர் வைத்தோம். பேர் வைத்ததும் பெண்கள் பக்கம் மறுபேச்சே இல்லை, கமிட்டியும் குழி வெட்டச் சம்மதித்தது.

தண்ணீர்தான் கஷ்டம். ஒரு கூடைச் சாணிக்கு அதே அளவு தண்ணீர் வேண்டும். குடிக்கவே ஊருணியில் வரிசையில் நிற்கிற ஊரில் யார் அதைச் சுமப்பது? அங்கேதான் என் மூளை வேலை செய்தது. பிள்ளைகள் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் கை கால் கழுவுகிற சிமெண்டு முற்றத்திலிருந்து ஒரு வாய்க்கால் இழுத்து, சாணி கரைக்கிற தொட்டியில் நேராக விழும்படி கொத்தனாரிடம் சொல்லிச் செய்தேன். சோப்புப் போட்டுக் குளிப்பதெல்லாம் தூரத்தில் கிணற்றடியில், அதனால் இது நல்ல தண்ணீர்தான். ஒரு சொட்டு வீணில்லை. அந்த வாய்க்காலைப் பார்க்க வந்தவர்களையெல்லாம் நிறுத்தி வைத்து விளக்கினேன். பாதிப் பேர் என்னைக் கண்டாலே வேறு பக்கம் நடக்க ஆரம்பித்தார்கள்.

சில வாரங்களில் டிரம் மேலே ஏறியது. அடுப்பில் தீக்குச்சி காட்டினால் நீலமாகப் பிடித்தது. கமிட்டி ஆச்சரியப்பட்டது, நான் ஆச்சரியப்படவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பிரதிஷ்டை என்று நாள் குறித்தார்கள். சுற்றுவட்டாரச் சபைகளுக்கெல்லாம் பொறுப்பான சேகரத் தலைவர் அருப்புக்கோட்டையிலிருந்து வருவதாக ஏற்பாடு.

எங்கள் சபைக்காரர்களுக்குப் பிரதிஷ்டை என்றால் முதல் நாள் கழுவித் துடைக்காமல் இருக்க முடியாது. கோயிலோ வீடோ, ஜெபம் நடக்கிற இடத்தில் தூசி இருந்தால் அது எங்களுக்கு மானப் பிரச்சினை. அதுவும் இது சாணிக்குழி. வருகிற பெரியவர்கள் மூக்கைப் பொத்திவிடக் கூடாதே! சனிக்கிழமை நானே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். கடையில் நாலு பாட்டில் பினாயில், ஒரு பை பிளீச்சிங் பவுடர். சமையல்கட்டு, வராந்தா, முற்றம் எல்லாம் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். அக்கா சமையல்கட்டு வாசலில் நின்று, "போதும் டீச்சர், போதும் டீச்சர்" என்று நாலைந்து தடவை சொன்னார். என் மேல் இரக்கப்பட்டுச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு இன்னும் ஒரு பாட்டிலை உடைத்தேன்.

மறுநாள் எல்லாம் பிரமாதமாக நடந்தது. சேகரத் தலைவர் ஜெபித்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார், அதிலேயே காப்பி போட்டுக் கொடுத்தோம். மற்றச் சபைகளும் இதைப் பின்பற்ற வேண்டும் என்று பேசினார். நான் முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

அந்த வாரம் முடியும் முன்னே டிரம் இறங்க ஆரம்பித்தது. எரித்தது போக ஏறவே இல்லை. கூடை கூடையாகச் சாணி போட்டுப் பார்த்தோம். அடுத்த வாரம் டிரம் தரையோடு உட்கார்ந்துவிட்டது. அடுப்பில் தீக்குச்சிதான் எரிந்து அணைந்தது. அக்கா போய்க் கருவேல விறகை எடுத்து வந்தார்.

பழி போட ஆள் தேட வேண்டுமா? தினமும் சாணி கரைத்தது அவர்தானே.

"கரைக்கவே தெரியல. கண்ணு தெரியாத பொம்பளைகிட்ட மிஷினக் குடுத்தா இப்பிடித்தான்" என்றார் மூப்பர்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகு கமிட்டி கூடும், அக்காவை நிறுத்திவிட்டு வேறு ஆள் போடும் என்று எனக்குச் சேதி வந்தது. அக்காவிடம் போய், சரியாகத்தான் கரைத்தீர்களா என்று கேட்டேன். கேட்டேனே என்று இன்றைக்கும் வருத்தப்படுகிறேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கரச்சேன் டீச்சர்" என்றார்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் பிடித்து வீரசோழன் போனேன். பாய் மறுநாள் காலையிலேயே மொபெட்டில் வந்து இறங்கினார். ஒரு நீளக் கம்பைக் குழிக்குள் விட்டுக் கலக்கி எடுத்தார். நுனியை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அவர் நெற்றி சுருங்கியது.

"என்ன டீச்சர், சாணி நாத்தத்தக் காணோம். ஆஸ்பத்திரி வாடைல்ல அடிக்குது?"

அவர் வாய் மூடுவதற்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முற்றத்தைப் பார்த்தேன், வாய்க்காலைப் பார்த்தேன், தொட்டியைப் பார்த்தேன். ஒரு சொட்டு வீணாகாமல் என் பினாயில் முழுவதும் குழிக்குள் போய்ச் சேர்ந்திருந்தது.

"உள்ள இருக்கதும் உசுருதான டீச்சர்" என்றார் பாய். "கண்ணுக்குத் தெரியாத புழுப்பூச்சிக. அதுக தின்னாத்தான் வாயு வரும். நீங்க எல்லாத்தையும் கொன்னு போட்டீக."

பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். "பாதியக் கோரி எடுத்துட்டு எங்க குழிச் சாணிக் கரைசல ஊத்துனா மறுபடி உசுரு வந்துரும். லோடு நான் அனுப்புறேன். எதனால கெட்டுப்போச்சுன்னு யாருக்கும் தெரிய வேண்டியதில்ல."

உண்மையைச் சொல்கிறேன், ஓர் இரவு முழுவதும் அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு இனித்தது. குழி தானாகச் சரியாகிவிடும், நானும் கெட்டிக்காரியாகவே இருப்பேன். ஆனால் குழி சரியாக ஒரு மாதமாவது ஆகும். கமிட்டி கூடுவதோ மறுநாள்.

எங்கள் கோயிலில் பிரசங்கத்துக்கு முன் சாட்சி சொல்கிற நேரம் ஒன்று உண்டு. காய்ச்சல் தீர்ந்ததற்கும், மகன் பரீட்சையில் தேறியதற்கும் எழுந்து நின்று நன்றி சொல்வார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்தேன். டீச்சர் எழுந்தால் நீளமாகப் பேசுவாள் என்று தெரிந்து ஆண்கள் பக்கம் இரண்டு பேர் வெளியே நழுவினார்கள்.

"சாணிக்குழியக் கெடுத்தது சமையலக்கா இல்ல" என்றேன். "நான்தான். பிரதிஷ்டைக்கு முந்துன நாள் நாலு பாட்டில் பினாயில ஊத்திக் கழுவுனேன். அது பூராவும் நான் வெட்டுன வாய்க்கால் வழியாவே குழிக்குள்ள போயிருச்சு. யாரையாவது நிறுத்தணும்னா என்னைய நிறுத்துங்க."

பெண்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், கோயில் முழுக்கச் சிரிப்பு. மூப்பர் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போதகர் இந்தத் தடவை வாயை மறைக்கவில்லை. நானும் சிரித்துவிட்டேன், வேறு என்ன செய்ய? அக்கா மட்டும் கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அன்றைக்குக் கமிட்டி கூடவே இல்லை.

குழி கோரும் வேலையில் முதல் வாளி என்னுடையது. இரண்டாவது வாளி மூப்பருடையது, அதையும் சொல்லத்தான் வேண்டும். வீரசோழனிலிருந்து டிராக்டரில் டிரம் டிரம்மாகச் சாணிக் கரைசல் வந்தது. கூடைக் காணிக்கை மறுபடி ஆரம்பித்தது. அந்த ஒரு மாதமும் அக்காவைச் சமையல்கட்டுப் பக்கம் விடவில்லை. சங்கத்துப் பெண்களும் நானும் முறை வைத்து விறகடுப்பில் பொங்கினோம். மூன்றாவது நாளே என் கண் கோவைப்பழமாகிவிட்டது. அந்த அக்கா அத்தனை வருஷம் அதில் நின்றார் என்பதை அன்றைக்குத்தான் உடம்பு நம்பியது.

டிரம் ஏறிய நாள் ஒரு சாதாரண புதன்கிழமை. சேகரத் தலைவர் இல்லை, ஜெபம் இல்லை, கழுவலும் இல்லை. அக்காவைக் கூப்பிட்டுத் தீப்பெட்டியைக் கையில் கொடுத்தேன். பற்றவைத்தார். பகல் வெளிச்சத்தில் அந்த நீலத் தீ அவர் கண்ணுக்குத் தெரியவில்லை போல. உள்ளங்கையை மேலே காட்டிச் சூட்டைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். உலைப் பானையைத் தூக்கி வைத்தார்.

பிறகு சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே, "அப்பவே எனக்குத் தெரியும் டீச்சர்" என்றார்.

"எது?"

"பினாயிலு. மறுநாளு தொட்டியில சாணி கரைக்கும்போதே குப்புன்னு அடிச்சுச்சு."

"ஏன்க்கா சொல்லல? வேலைய விட்டே நிறுத்தப் பாத்தாகளே!"

"எனக்காகத்தான கமிட்டியோட சண்ட போட்டீக. ஒங்களக் காட்டிக் குடுத்துட்டு இந்த அடுப்புல எப்பிடிச் சோறு பொங்குவேன்?" அரிசியைக் களைந்தபடியே சொன்னார். பிறகு என்னைப் பார்க்காமலே சிரித்தார்.

"எல்லாரும் எனக்குக் கண்ணு தெரியலன்னாக. மூக்கு நல்லாத்தான இருந்துச்சு டீச்சர், என்ன வாட அடிச்சுச்சுன்னு நீங்களாவது கேட்டிருக்கலாம்."