இரண்டாவது சாவுக்கு மடி கொடுத்தவர்

சிவப்பு விளக்கு விழுந்ததும் மருதப்பனின் வலக்கை ஸ்டியரிங்கை விட்டு இறங்கிவிடும். தொடையில் இரண்டு தட்டுத் தட்டுவார். கண்ணாடியில் பின்வரிசைப் பிள்ளைகளைப் பார்த்து, "இந்த எடத்துலதான்டா அண்ணன் உசுரு போச்சு," என்பார். பச்சை விழுந்தால் கை ஸ்டியரிங்குக்குத் திரும்பும். சிராங்கூன் சாலையில் சிவப்பு விளக்குகளுக்குக் குறைவில்லை. ஆகவே அவருடைய பள்ளி வேனில் போகும் பிள்ளைகள் எல்லாருக்கும் நடிகர் கோவிந்தசாமியின் மரணம் மனப்பாடம்.

போன வருடம் ஒரு தாய் புகார் செய்தார். அந்த வேனின் இருக்கையில் யாரோ இறந்திருக்கிறாராம். மகன் ஏற மாட்டேன் என்கிறானாம். முதலாளி கூப்பிட்டு விசாரித்தார். இருக்கையில் இல்லை, மடியில்தான் என்று மருதப்பன் பணிவாகத் திருத்தினார். முதலாளி சற்று நேரம் அந்த மடியையே பார்த்துவிட்டு, வேனுக்குப் புது இருக்கை உறை வாங்கிக் கொடுத்தார்.

பார்க்கப்போனால் அது அப்படியொன்றும் பெரிய மடி அல்ல. ஆள் ஒல்லி. பூனைகூட அதில் வசதியாகப் படுக்காது. ஆனால் தேக்கா காப்பிக்கடையில் அவர் வந்து உட்கார்ந்தால் அறியாதவர்களுக்கு அறிந்தவர்கள் அந்த மடியைத்தான் காட்டுகிறார்கள். அவருக்கு வேறு புகழ் இல்லை. இளமையில் தஞ்சோங் பகாரில் ஒரு நாடகக் குழுவில் இருந்தார். எல்லா நாடகத்திலும் ஈட்டிக்காரன். வசனம் கிடையாது. ஈட்டியைச் சாய்க்காமல் நிற்க வேண்டும். அவர் ஒருநாளும் சாய்த்ததில்லை.

கோவிந்தசாமி அந்தக் குழுவின் ராஜா. கடைசிக் காட்சியில் அம்பு பட்டு விழுந்து, தளபதியின் மடியில் தலைவைத்து உயிரை விடுவார். அதற்காகவே கூட்டம் வரும். அவர் செத்து முடித்ததும் கொட்டகை முழுக்க "ஒன்ஸ் மோர்" என்று கத்தும். ராஜா எழுந்து, தூசி தட்டி, அக்குளில் இருக்கும் அம்பைச் சரிசெய்துகொண்டு, மறுபடியும் முதலிலிருந்து சாவார். தளபதியாக நடித்தவர் லாசரஸ். ஒருநாள் முதல் சாவிலேயே லாசரஸுக்குக் கால் மரத்துப்போய்விட்டது. இரண்டாவது சாவுக்குப் பக்கத்தில் நின்ற ஈட்டிக்காரன் ஈட்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

"அன்னிக்கு மொதல் சாவு நடிப்பு. ரெண்டாவதுதான் நெசம். அது நம்மகிட்ட," என்பது மருதப்பனின் கட்சி.

லாசரஸ் ஒப்புக்கொள்வதில்லை. அவர் தேவாலயப் பாடகர் குழுவில் இன்றும் பாடுகிறவர். பொய் சொல்லும் வழக்கமில்லாதவர். முதல் சாவே நிஜம், தன் மடியில்தான் நடந்தது என்கிறார். அப்படியானால் ஒன்ஸ் மோருக்கு எழுந்து நின்றது யார் என்று மருதப்பன் கேட்டால், "ஆவி," என்று முகம் மாறாமல் பதில் சொல்கிறார். காப்பிக்கடையில் மூன்றாவது சாவை நேரில் பார்த்தவர்களும் உண்டு. அவர்களில் ஒருவர் அந்த வருடம் பிறந்திருக்கவே இல்லை.

இந்த ஆண்டு கோவிந்தசாமியின் நினைவு நாளுக்கு நாடகக் குழுவின் இப்போதைய செயலாளர் அனுப்ரியா ஒரு ஏற்பாடு செய்தார். வங்கியில் வேலை பார்க்கும் சுறுசுறுப்பான பெண். சமூக மன்ற மேடையில் அந்தச் சாவுக் காட்சியை நடிக்க வேண்டும்; ராஜாவாகக் கோவிந்தசாமியின் பேரன் குமரன்; மடி மட்டும் அசல் மடியாக இருக்க வேண்டும். மடி ஒன்றுதான் தேவை.

மருதப்பன் அன்றிலிருந்து தம் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பாய் விரித்துச் சம்மணம் போட்டுப் பழகினார். உட்காருவது சுலபம், எழுவதற்குத்தான் சைக்கிள் நிறுத்தும் கம்பி தேவைப்பட்டது. முட்டியில் அறுவை செய்துகொண்ட லாசரஸும் தேவாலயத்தில் இதையே செய்கிறார் என்று தகவல் வந்ததும் பயிற்சியை இரண்டு வேளையாக்கினார். வேறு எதிலும் அவர் யாரோடும் போட்டியிட்டதில்லை. இதை விட்டால் மறுபடியும் ஈட்டிதான்.

தீர்ப்புச் சொல்ல அனுப்ரியா கிளமெண்டியிலிருந்து கோவிந்தசாமியின் மனைவி மங்களத்தை ஒத்திகைக்கு அழைத்துவந்தார். அந்த அம்மாள் எந்த நினைவு நாளுக்கும் வந்தவரல்ல. அவர் வரும்போதே மருதப்பன் மேடை நடுவில் சம்மணமிட்டிருந்தார், பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடித்தவரைப் போல. லாசரஸ் அருகில் நின்றார். குமரன் உட்லண்ட்ஸிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை.

மங்களம் இருவர் கதையையும் பொறுமையாகக் கேட்டார்.

"அவரு டிராமாவ விட்டு ஒரு வருஷம் கழிச்சுல்ல போனாரு," என்றார். "வீட்ல. சண்டே சாப்ட்டுட்டு ஹால்ல சேர்ல சாஞ்சாரு. டீ போட்டு எழுப்புறேன், எந்திரிக்கல. அவ்ளோதான் லா."

லாசரஸ்தான் மெல்லத் தொடங்கினார்.

"அண்ணி, நீங்க அப்ப ஷாக்ல இருந்தீங்க. நேர்ல பாத்தவங்க நாங்க சொல்றோம்."

"அதானே," என்றார் மருதப்பன். லாசரஸ் சொன்ன ஒன்றை அவர் ஒப்புக்கொண்டது அதுவே முதல் தடவை.

"மேடையில செத்த அன்னிக்கெல்லாம் வீட்டுக்கு வந்து ரெண்டு பிளேட் மீ கோரெங் சாப்டுவாரு. ஒன்ஸ் மோர்னா மூணு," என்றார் மங்களம். அனுப்ரியா சிரிப்பை மறைக்கக் கைப்பேசியைப் பார்த்தார்.

மருதப்பன் சிரிக்கவில்லை. கால் மரத்துக்கொண்டிருந்தது, அசைக்கவில்லை. மடியைக் குனிந்து பார்த்துக் கேட்டார்: "அப்போ... தலைக்குக் கீழ என்னா இருந்துச்சு அண்ணி?"

"ஒண்ணும் இல்ல. தலவாணிகூட இல்ல. கழுத்து ஒரு பக்கமா தொங்கிக் கெடந்துச்சு." மங்களம் கைப்பையின் வாரைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "நான் கிச்சன்ல இருந்துட்டேன்."

அனுப்ரியா தயங்கித் தயங்கி, இருந்தாலும் நாடகத்துக்கு ஒருவர் உட்கார வேண்டுமே, யார் உட்காரட்டும் என்று கேட்டார். மங்களம் லாசரஸைப் பார்த்தார். தரையில் இருந்தவரைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த கைப்பையைக் கழற்றி மருதப்பனின் மடியில் வைத்துவிட்டு, முன்வரிசை நாற்காலியை நோக்கி இறங்கிப் போனார்.

கனமான பை. ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மருதப்பன் இடக்கையை அதன் அடியில் கொடுத்து, நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார்.