வேண்டும், வேண்டாம்: இடம் மாறிய இரு சொற்கள்

எங்கள் தெரு முடிதிருத்துநரை எல்லாரும் ‘ரேடியோ’ என்றே அழைப்பார்கள். அவர் சொல்லும் கதைகளில் எழுவாய் இன்று வந்தால் பயனிலை அடுத்த வாரம் வரும். பக்கவாதம் வந்து வலக்கை விழுந்தது. பேச்சில் எஞ்சியவை ‘வேணும்’, ‘வேணாம்’ என்னும் இரண்டே சொற்கள். அவையும் இடம் மாறிவிட்டன. உடன்பாட்டை நினைத்தால் எதிர்மறை வந்தது. எதிர்மறையை நினைத்தால் உடன்பாடு.

மருத்துவமனையில் மூன்றாம் நாள் இதைக் கண்டுகொண்டேன். இன்னும் வேணுமா என்று பணியாள் கேட்க, முகத்தைத் திருப்பியபடி “வேணும்” என்றார். அடுத்த கரண்டி திணிக்கப்பட்டது. மசித்த சோறு மூக்கின் வழியே வந்து கழுத்தில் வழிந்தது. மாலைவரை சட்டையை மாற்றியவர் இல்லை. செவிலியரிடம் முறையிட்டேன். நோயாளிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

எட்டாம் நாள் மகன் முதியோர் இல்லத்தின் படிவத்தோடு வந்தான். தகப்பனின் அறையில் தனக்கெனக் குளிர்சாதனம் பொருத்த முன்னரே ஆள் பேசியிருந்தான்.

“அப்பா, இல்லத்துக்குப் போக வேணுமா?”

“வேணும்.”

மகன் மைத்தட்டைத் திறந்தான். இது சம்மதமன்று, சொல் மாறாட்டம் என்றேன்.

“வாத்தியாரே, இங்கயும் இலக்கணமா? அவருக்கு என்ன தெரியும்?”

ஒன்றும் தெரியாதவரின் கைந்நாட்டு எப்படிச் செல்லும் என்று கேட்டேன். அவன் மைத்தட்டை மூடினான்.

பேச்சுப் பயிற்சியாளரான அம்மையாரை நானே போய் அழைத்து வந்தேன். ஊசி வேணுமா என்று அவர் கேட்க, ரேடியோ இடக்கையை இழுத்துக்கொண்டு “வேணும்” என்றார்.

“அப்ப என் ஊசியையும் அவருக்கே போட்டுடுங்க” என்றார் பக்கத்துக் கட்டில்காரர்.

அம்மையார் சிரிக்கவில்லை. ரேடியோவின் வீடு ஒரு படம், முதியோர் இல்லம் ஒரு படம். வலம் இடமாக நான்குமுறை மாற்றிவைத்து, எங்கே இருக்க விருப்பம் என்று கேட்டார். நான்குமுறையும் விரல் வீட்டின்மீதே நின்றது. உடனே மருத்துவரை வரவழைத்தார்.

மகன் கடைசியாகக் கேட்டான்: “வீடு வேணுமாப்பா?”

“வேணாம்” என்ற ரேடியோ, மகனின் சட்டையை இடக்கையால் இறுகப் பற்றினார்.

“கேட்டீங்கள்ல டாக்டர்?” என்று மகன் பல்லைக் காட்டினான்.

மருத்துவர் அந்தப் பிடியைப் பார்த்தார். படிவத்தைக் குறுக்கே அடித்துவிட்டு, நோயாளி வீட்டுக்கே அனுப்பப்பட வேண்டும் என்று எழுதினார்.

வண்டியில் ஏற்றும்போது மகன் என் காதருகே, “திருப்தியா சார்? இனி நீங்களே வந்து ஊட்டுங்க” என்றான்.

அவனோடு பேசுவதற்கே அருவருப்பாக இருந்தது. ஆயினும் எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டேன்.